சித்திரையில் பிறந்தால் பிறக்கட்டும்

சரவணா,

இதை நீ உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். போனில் பேசித் தீர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. மீட்டிங் வராவிட்டால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. எழுதினால் குறுக்கே பேச உனக்கும் வழியில்லை, கத்த எனக்கும் வழியில்லை. ரிட்டயர் ஆன பிறகு எனக்கு நேரத்துக்கும் பஞ்சமில்லை. உங்கப்பா கடலுக்குப் போயிருக்கிறார். உலை வைத்திருக்கிறேன். அது கொதிக்கும்வரை எழுதுகிறேன், இறக்கி வைத்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டு செய்தி சொன்னாய். பவித்ராவின் வயிற்றில் குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்தபடியே இருக்கிறது, அதனால் சிசேரியன்தான் என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு முன்பே தெரியும். அவர் சொன்ன நாள் சித்திரை மாதத்தில் விழுகிறது. அது ஆகாது என்று உன் மாமனார் சிதம்பரத்தில் ஜோசியரைப் பார்த்து, இரண்டு வாரம் முன்னால், பங்குனியிலேயே ஒரு நல்ல நாளும் நேரமும் குறித்து வாங்கி வந்துவிட்டார். டாக்டரம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாராம், குடும்பமே ஒரே பிடியாக நின்றால், தான் என்ன செய்வது என்றாராம். இது முதல் செய்தி. இரண்டாவதாக, "யம்மா, டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். நீயும் தியேட்டருக்குள்ள நிக்கலாமாம். புள்ளைய நீதான் கையில வாங்கணும்" என்றாய். நான் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உங்கப்பாவிடம் வேறு சொல்லியிருக்கிறாய். நான் பார்க்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் உனக்குத் தெரியாதா? பத்தாவதில் சைக்கிள் கேட்டாய், பார்க்கலாம் என்றேன். காலேஜில் கோவா டூர் போகட்டுமா என்று கேட்டாய், பார்க்கலாம் என்றேன். இரண்டில் ஒன்றாவது நடந்ததா?

முப்பது வருஷம் நான் நர்சாக இருந்தேன் என்று ஊருக்கே தெரியும். உள்ளே என்ன செய்தேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, நீங்களும் கேட்டதில்லை. ஊசி போடுவாள், கட்டுப் போடுவாள் என்று நினைத்திருப்பீர்கள். பாதி சர்வீஸுக்கு மேல் எனக்கு ஒரே வேலைதான். சிசேரியன் நடக்கும்போது ஆபரேஷன் செய்கிற டாக்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லாரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் அம்மாவைப் பார்க்க மாட்டேன். இரண்டு கையிலும் துணியை விரித்துக்கொண்டு வரப்போகிற குழந்தைக்காக நிற்பேன். வந்ததும் வாங்கி, மேலேயிருந்து சூடு அடிக்கிற ஒரு சின்னக் கட்டில் உண்டு, வார்மர் என்போம், அதில் போட்டுத் துடைக்க வேண்டும். முதுகைத் தேய்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் அதற்கே ஊரைக் கூட்டிவிடும். கத்தினால் நம் வேலை முடிந்தது. கத்தாவிட்டால்தான் வேலையே ஆரம்பம். தலையை நேராக வைத்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாதிரி சின்ன மாஸ்க்கை வைத்து, அதோடு சேர்ந்த ரப்பர் பையை விரலால் அழுத்தி மூச்சு கொடுக்க வேண்டும். ஜாஸ்தி அழுத்தினால் நெஞ்சு தாங்காது, கம்மியாக அழுத்தினால் காற்று போகாது. நெஞ்சு எழும்புகிறதா என்று மட்டும்தான் கண் பார்க்க வேண்டும். இதெல்லாம் முதல் நிமிஷத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அப்போது பக்கத்தில் யார் என்ன பேசினாலும் என் காதில் விழாது. வீட்டில் நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டும் நான் திரும்பாமல் இருப்பதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம் என்று வைத்துக்கொள்.

இப்போது உன் வார்த்தைக்கு வருகிறேன். "ரெண்டு வாரம்தானம்மா, வெயிட்டெல்லாம் நல்லா இருக்குன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்களே" என்றாய். எடை இருக்கும். கை கால், மூக்கு முழி எல்லாம் இருக்கும். நுரையீரல் விஷயம் மட்டும் வேறு. வயிற்றுக்குள் குழந்தை காற்றைச் சுவாசிப்பதில்லை, நுரையீரல் முழுக்கத் தண்ணீர்தான். கடைசி வாரங்களில்தான் அது வெளிக்காற்றுக்குத் தயாராகிறது. பிரசவ வலி எடுக்கும்போது குழந்தையின் உடம்புக்கும் நேரமாகிவிட்டது என்று தெரிந்துவிடும். அந்தத் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ள ஆரம்பிக்கும். வலியே இல்லாமல், நாள் குறித்து வயிற்றைத் திறந்து எடுத்தால் குழந்தைக்கு ஒரு தகவலும் போவதில்லை. தூங்குகிறவனை எழுப்பி ஓடு என்று சொல்கிற மாதிரிதான். அதனால்தான் அவசரமில்லாத சிசேரியன் என்றால் நாள் நிறையட்டும் என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். உன்னைப் பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் முன்னால் எடுத்தாலும் பெரும்பாலான குழந்தைகள் சமாளித்துக்கொள்ளும். சமாளிக்காத குழந்தை எது என்று எடுப்பதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது. ஜோசியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் இரண்டு வாரம் என்ன, இரண்டு மாதம் முன்னால்கூட எடுக்கத்தான் வேண்டும். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். நீ பிறந்ததே அப்படி அவசரத்தில்தான். அதை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. ஐப்பசி மழை, கெடிலம் ஆற்றில் வெள்ளம், உங்கப்பா கடலுக்குப் போய் எங்கேயோ ஒதுங்கி நிற்கிறார். எனக்கு வலி எடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே உன் நெஞ்சுத் துடிப்பு குறைய ஆரம்பித்துவிட்டது. நான் வேலை பார்த்த அதே தியேட்டரில், நான் துடைத்து வைக்கிற அதே மேஜையில் என்னைப் படுக்க வைத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, ஆனால் முழிப்பு இருந்தது. முன்னே திரை கட்டியிருந்ததால் எதையும் பார்க்க முடியவில்லை, காது மட்டும்தான். உன்னை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. துணியால் தேய்க்கிற சத்தம் கேட்டது. அழுகை கேட்கவில்லை. பிறகு ரப்பர் பை அழுந்தி விரிகிற சத்தம் கேட்டது. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அது என்ன சத்தம் என்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது, அதுதான் கொடுமை.

"அக்கா, ஏங்க்கா அழல?" என்று கேட்டேன். வார்மர் பக்கத்தில் நின்றது ஸ்டெல்லா அக்கா, எனக்கு சீனியர் நர்ஸ். அவர் திரும்பக்கூட இல்லை. "நீ சும்மா படு. என் வேலைய என்னைப் பாக்க வுடு" என்றார். அந்த அதட்டலில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நம்பிக்கை போயிருந்தால் அவர் என்னை அப்படி அதட்டியிருக்க மாட்டார், ஆறுதல் சொல்லியிருப்பார். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு முனகல், அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நீ பிடித்தாயே ஒரு பிடி, வராண்டாவில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். நான் ஓவென்று அழுதேன். அதற்கும் ஸ்டெல்லா அக்கா திட்டினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதை உன் மாமனாருக்குப் படித்துக் காட்டாதே. நீ பிறந்த நேரத்தை யாரும் பார்க்கவில்லை. சாதாரணமாகக் குழந்தையை எடுத்ததும் ஒருத்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொல்வது வழக்கம். அன்றைக்கு இருந்த எல்லாக் கண்ணும் வார்மரைப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, ஒன்றுகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு எல்லாருமாகச் சேர்ந்து சுமாராக ஒரு நேரம் எழுதினார்கள். மழை விட்டு உங்கப்பா கரைக்கு வந்ததும் ஜாதகம் எழுத வேண்டும் என்று குதித்தார். "கரெக்டா மணி இன்னா?" என்று வார்டு ஆயாவைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அந்தம்மா, "டீக்காரன் வந்துட்டுப் போனான், அப்பறம்தான் புள்ள கத்துச்சி" என்று சொல்லியிருக்கிறது. டீக்காரன் எப்போது வருவான் என்று டீக்கடையில் போய் விசாரித்து, அந்த நேரத்தை ஜோசியரிடம் கொடுத்து உன் லக்கினத்தைக் கணித்து வாங்கி வந்துவிட்டார். பவித்ராவுக்கும் உனக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருக்கிறது என்று உன் மாமனார் பூரித்துப் போனாரே, அது மழை நாளில் டீ கொண்டுவந்தவனுடைய புண்ணியம். நான் மறைத்தேன் என்று நினைக்காதே, யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். திருவந்திபுரம் கோயிலில் உன் கல்யாணத்தன்று முன்னால் நின்ற ஜோடிகளின் வரிசை நகராமல், குறித்த முகூர்த்தம் தாண்டித்தானே தாலி கட்டினாய்? அப்போது உன் மாமனாரே "பரவால்ல, மேளத்த அடிங்க" என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

சித்திரை எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பார். கல்யாணமான முதல் ஆடிக்குச் சீர் வைத்து, முறைப்படி பெண்ணைச் சிதம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். எதற்காகப் பிரித்து வைக்கிறார்கள் என்று தெரியாத குழந்தை இல்லை நீ. சனிக்கிழமை ஆனால் சென்னையிலிருந்து சிதம்பரம் பஸ் ஏறினாய். கடலூர் வழியாகத்தான் பஸ் போகிறது, பெற்றவள் வீட்டில் ஒருநாள் இறங்கவில்லை. கேட்டால் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றாய். அவர் கல்லு மாதிரி கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, நான் ஒன்றும் குறை சொல்லவில்லை, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆடியில் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு, இப்போது சித்திரை வருகிறதே என்று கையைப் பிசைந்தால் அதற்குக் குழந்தை என்ன செய்யும்? உங்கள் அவசரத்துக்கு அது எதற்கு அவசரப்பட வேண்டும்?

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். உங்களைப் போலத்தான், நல்ல நாள் என்று இரண்டு வாரம் முன்னால் எடுக்கச் சொன்னார்கள். பெண் குழந்தை. எடுத்ததும் நன்றாக அழுதது. வெளியே சாக்லெட் கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் முனக ஆரம்பித்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆக்ஸிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினோம். தாய் தையலோடு இங்கே படுத்திருக்கிறாள், குழந்தை அங்கே கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறது. அந்தப் பெண் அழுதுகொண்டே பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். அவள் புருஷன் அதை ஐஸ் வைத்த பையில் போட்டுக்கொண்டு தினமும் புதுச்சேரி பஸ் ஏறுவான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால்கூடப் பையை மடியில் வைக்காமல் கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு போவானாம், மடிச் சூட்டில் பால் கெட்டுவிடும் என்று. குழந்தை பிழைத்துவிட்டது, பயப்படாதே. இப்போது ஸ்கூலுக்குப் போகும். ஆனால் அவன் ஒருநாள் என்னிடம், "நல்ல நேரத்துலதான எடுத்தோம் சிஸ்டர், அப்பறம் ஏன் இப்பிடி ஆச்சி?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

நேற்று காலையில் உங்கப்பாவுக்குக்கூடச் சொல்லாமல் சிதம்பரம் போய்விட்டு வந்தேன். உனக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்பாய், அதனால் சொல்லவில்லை. உன் மாமனார் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். "சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வண்டி எடுத்துக்கிட்டு வந்திருப்பேனே சம்பந்தியம்மா" என்று உபசாரம். நல்ல மனுஷன். அதனால்தான் எனக்குப் பேச்சு எடுப்பதே கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் காபி வருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். நுரையீரல், தண்ணீர் என்று உனக்கு எழுதியதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு இதுலல்லாம் ரொம்ப நம்பிக்கைன்னு நெனச்சிக்காதீங்க. நாள் பாக்காம நான் கடைக்குச் சரக்கு எடுத்ததும் உண்டு. ஆனா இது சித்திரை" என்றார்.

"சித்திரையில பொறந்தவங்க யாரும் ஊர்ல இல்லியா? என் கையாலயே எத்தினி சித்திரைப் புள்ளைங்கள வாங்கியிருக்கேன். எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க."

"நல்லாத்தான் இருக்கும். அதுங்க காதுல இன்னா விழுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அப்புறம்தான் அவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருப்பதே எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமா? காட்டுமன்னார்கோயில் பக்கம் அவர்களுக்கு வயல். தம்பி சித்திரையில் பிறந்தான். அந்த வருஷமே அவர்கள் அப்பா வயலில் பாம்பு கடித்து இறந்துவிட்டார். "அவன அப்பறம் ஊட்ல ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்புட்டதில்லம்மா. அப்பன முழுங்கினவன், அதான் பேரு. என் தங்கச்சி கல்யாணத்துல அவன மணவறைப் பக்கமே வுடல, பந்தியில எல போடச் சொல்லி அனுப்பிட்டாங்க. திருப்பூருக்கு வேலைக்குப் போனான். திரும்பி வரவே இல்ல. நானும்தான் அவன அப்பிடிச் சொல்லியிருக்கேன். சின்ன வயசு, எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

நான் மூட நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு சண்டைக்குப் போயிருந்தேன் சரவணா. அவருக்கு நட்சத்திரத்தின் மேல் பயமில்லை, மனிதர்களின் வாய்மேல்தான் பயம். அது புரிந்ததும் எனக்கு வாயடைத்துப் போனது, ஆனால் என் வாய் எவ்வளவு நேரம் அடைத்திருக்கும்? "உங்க தம்பிய அப்பிடிச் சொன்னது சித்திரையா? நாமதானங்க சொன்னோம்? இந்தப் புள்ளைய அப்பிடிச் சொல்றதுக்கு நம்ம ரெண்டு ஊட்லயும் யாரு இருக்கா? வெளிய இருந்து எவளாவது சொல்லிக்கிட்டு வந்தா வாசப்படியிலயே நான் பாத்துக்கிறேன். ஊர் வாய்க்குப் பயந்து புள்ளைய மூச்சுத் திணற வுடலாமா?" என்றேன். கடைசி வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். சொன்ன பிறகு சங்கடமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. வெகுநேரம் காபி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "மாப்பிள்ள ஒண்ணும் சொல்லலியேம்மா. நாள் குறிச்சதும் அவருக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன். நீங்க பாத்துச் செஞ்சா சரிதான் மாமான்னாரு. அவருக்கும் இதான் இஷ்டம்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார்.

என்னிடம் என்ன சொன்னாய்? மாமா பிடிவாதமாக இருக்கிறார், நான் என்ன செய்ய என்றாய். உன்னை எனக்குத் தெரியாதா? நீ ஆறாவது படிக்கும்போது உங்கப்பாவுக்கும் என் தம்பிக்கும் வலை விஷயமாகப் பெரிய சண்டை வந்தது. உன்னைக் கூப்பிட்டு யார் சொல்வது நியாயம் என்று கேட்டார்கள். அப்பாவிடம் போய் நீங்க சொல்றதுதான் சரி என்றாய், கொல்லைப்பக்கம் நின்ற மாமனிடம் போய் நீங்க சொல்றதுதான் சரி மாமா என்றாய். இரண்டு பேரும் உனக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். நாங்கள் சிரித்தோம். அந்த வயதில் அது சாமர்த்தியம். இந்த வயதில் அப்படியில்லை. எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று நினைக்கிறவனுடைய வீட்டில், அந்த நல்ல பெயருக்காக யாரோ ஒருத்தர் கஷ்டப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே அது இன்னும் பிறக்காத குழந்தை.

திரும்பும்போது பவித்ரா ஆட்டோ பிடிக்கிறேன் என்று தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு மேலவீதி வெயிலில் மெதுவாக நடந்தாள். இத்தனை பேர் நாள் பேசுகிறோமே, இவளை ஒருத்தரும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உட்பட. "நீ இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் ஒரு பக்கமாக வைத்தாள். உள்ளே சின்னச் சின்னதாக, விட்டுவிட்டுத் துடித்தது.

"விக்கல் அத்தை. தெனமும் இந்த நேரத்துக்கு எடுக்குது. அது உள்ளயே மூச்சு வுட்டுப் பழகுதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"ஆமா."

"பழகட்டுமே அத்தை."

நான் ஆட்டோவில் ஏறிய பிறகு, "அப்பாகிட்ட நான் சொன்னா, பயப்படாதம்மான்னு தலைய தடவிட்டுப் போயிடுவாரு. அவரு சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்த போதும். நீங்க அவருகிட்ட சொல்லுங்க" என்றாள். அவள் அவரு என்றது உன்னைத்தான். இதை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கள் என்று தலையாட்டினாள். பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரைக்கும் என் உள்ளங்கையில் அந்தத் துடிப்பு இருந்தது. என் பேரப்பிள்ளையை நான் முதன்முதலாகத் தொட்டது அப்போதுதான்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தியேட்டருக்கு வருவேன். நீங்கள் எந்த நாளை வைத்தாலும் வருவேன். கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காருகிறவள் இல்லை நான். பங்குனியிலேயே எடுத்தாலும், குழந்தை மூச்சுவிடத் தயங்கினாலும், என் கை நடுங்காது. குழந்தை டாக்டரும் பக்கத்தில் இருப்பார். செய்ய வேண்டியதை எல்லாம் செய்வோம். ஆனால் ஒரு வேலை உண்டு, அதை எந்த ட்ரெய்னிங்கிலும் சொல்லித் தருவதில்லை. குழந்தை அழ நேரமானால் வெளியே நிற்கிற அப்பனுக்கு யாராவது சொல்ல வேண்டும். நான்தான் போவேன். கதவைப் பாதி திறந்து, "கொஞ்சம் இருங்க" என்று மட்டும் சொல்வேன். அதற்குமேல் சொல்ல என்னிடமும் எதுவும் இருக்காது. எத்தனையோ அப்பன்மாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முகத்தில் இருக்கிற ரத்தமெல்லாம் இறங்கிவிடும், என் கையையே பார்ப்பார்கள். உன்னை அந்தக் கதவுக்கு வெளியே நிற்க வைத்து, உன் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் முடியாது. மற்றதெல்லாம் முடியும், அது மட்டும் முடியாது சரவணா.

சித்திரையில் வைத்தால் மீன்பிடித் தடைக்காலமும் ஆரம்பித்திருக்கும், உங்கப்பாவும் கரையில்தான் இருப்பார். எல்லாருமாக வந்து நிற்போம். உன் மாமனார் மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவார். அந்த நேரம் பார்த்துப் போன் போடு. டாக்டரம்மா சொன்ன நாளே இருக்கட்டும் மாமா, நாங்க காத்திருக்கோம் என்று சொல். அவர் கத்த மாட்டார். நேற்றிலிருந்து உன் போனுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா